தைத்தது நான்தான்

செல்வலட்சுமியின் வலது கை வெந்துபோனது 2003ஆம் வருஷம் மாசி மாதத்தில். தாயில்பட்டிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும் வேலை அவளுக்கு. பக்கத்து அறையில் ஏதோ உரசித் தீப்பிடித்து, வாசல் வழியாக நெருப்பு பாய்ந்து வந்தபோது கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். முகம் தப்பித்தது. கை தப்பவில்லை. மதுரை பெரியாஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது, சுண்டுவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளங்கையைப் பார்த்து மடங்கியிருந்தன. ஆள்காட்டி விரல் நீட்டியது நீட்டியபடியே நின்றது. கட்டைவிரல் மட்டும் அசைந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்து எதையாவது பிடிக்க எதிரே விரல் இல்லை.

கம்பெனிக்காரர்கள் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். போனவர்கள், கவனமில்லாமல் வேலை பார்த்தது அவள்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விருதுநகரில் வக்கீலாக இருந்த கதிரவன் என்ற இளைஞன் நஷ்டஈடு கேட்டு அவளுக்காக வழக்குப் போட்டான். பெரிய டாக்டர்கள் கையைப் பார்த்துச் சான்றிதழ் எழுதினார்கள். அதற்குப் பிறகும் வழக்கு வாய்தா வாய்தாவாக நான்கு வருஷம் இழுத்தது.

வீட்டில் காலால் மிதிக்கிற பழைய கறுப்பு மிஷின் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில், கடையை மூடிவிட்டுத் திருப்பூர் போன ஒரு டெய்லரிடம் வாங்கியது. விபத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பெண்களுக்கு அதில்தான் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். கை ஆறியதும் மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். நேராகத் தைப்பதற்குத் துணியை இரண்டு பக்கமும் விரலால் இழுத்துப் பிடித்து ஊசிக்கு வழிகாட்ட வேண்டும். அவளுடைய வலது கைக்கு அது முடியவில்லை. தையல் கோணிக்கொண்டு எங்கோ போனது. நான்காவது நாள் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்துவிட்டாள். அதன்பிறகு ஆறு மாதம் அந்த மிஷின் துவைத்த துணிகளைக் குவித்து வைக்கத்தான் உதவியது.

ஒருநாள் சிவகாசியில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஜாக்கெட் கடை ஒன்றில் ஓர் ஆள் மிஷினில் பூவேலை செய்வதைப் பார்த்தாள். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை அவர் மிஷினிலிருந்து கழற்றி வைத்திருந்தார். வளையத்தில் இறுக்கிய துணியை ஊசிக்கடியில் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டின் கைப்பகுதியில் ஒரு மாங்காய் உருவம் வளர்ந்துகொண்டே வந்தது. வேறு யாராக இருந்தாலும் மாங்காயைப் பார்த்திருப்பார்கள். செல்வலட்சுமி அவருடைய கையைப் பார்த்தாள். விரல்கள் சும்மா கிடந்தன. வளையத்தைத் தள்ளியது உள்ளங்கையும் மணிக்கட்டும்தான்.

வந்த பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழற்றினாள். கீழேயிருந்து துணியை இழுக்கும் பல்லை, அவள் புருஷன் சங்கிலிமுத்து மிஷினுக்கடியில் படுத்துத் திருகாணியைத் தளர்த்தி இறக்கிவிட்டான். பல் இறங்கிவிட்டால் மிஷின் துணியை இழுக்காது. நாம் தள்ளுகிற பக்கம்தான் தையல் போகும். ஆனால் பத்து நாள் வரை தையல் என்று எதுவும் விழவில்லை. துணிக்கடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டது. பாதம் இல்லாவிட்டாலும் அதை இறக்குகிற கம்பியை இறக்கித்தான் தைக்க வேண்டும், இல்லையென்றால் நூல் இறுகாது என்பதை அவளே கண்டுபிடித்தாள். வெந்த விரலுக்குள் இரண்டு தடவை ஊசி இறங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. துணியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கைக்கு நன்றாகப் பழகியது பெரிய துணிதான். பழைய நூல் சேலைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பாள். பக்கத்து வீட்டில் இருந்த பாலம்மாள், செல்வலட்சுமிக்கு மதினி முறை, அவற்றை வெட்டி ஓரங்களில் பெரிய பெரிய தையலாகப் போட்டுச் சேர்த்துக் கொடுப்பாள். கத்தரிக்கோல் பிடிக்க செல்வலட்சுமியால் முடியாது. அந்தக் கனமான அடுக்கு வளையத்துக்குள் நுழையாது என்பதால் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, வளையல்போல் வலது உள்ளங்கையில் மாட்டிக்கொண்டாள். ரப்பர் துணியைக் கவ்வியது. முழங்கை வரைக்கும் துணிமேல் வைத்து, தோளால் தள்ளித் தள்ளித் தைத்தாள். அளவு கோடு எதுவும் போடுவதில்லை. ஆனைக்குட்டம் அணையில் மதகு திறந்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுமே, அதுபோல ஒரே கோடு, எங்கேயும் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாமல் ஒரு மூலையில் தொடங்கி எதிர் மூலை வரைக்கும் போகும். தெருவில் அதை அடுக்குப் போர்வை என்றார்கள்.

ஒரு போர்வைக்கு இரண்டு மாதம் பிடித்தது. கை நன்றாக இருப்பவர்களுக்குப் பதினைந்து நாள் போதும் என்று அவளே சொல்வாள். ஒரு மணி நேரம் தைத்தால் தோளிலிருந்து கழுத்து வரை வலி ஏறும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுநாள்தான் உட்கார முடியும்.

2007 பங்குனியில் விருதுநகர்ப் பொருட்காட்சியில் மகளிர் குழுக்களின் கடையில் அவளுடைய போர்வை ஒன்று தொங்கியது. பெயரும் ஊரும் எழுதி ஒட்டியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து தாயில்பட்டியில் அவர்கள் தெருவுக்கு ஒரு கார் வந்தது. நல்ல பட்டு கட்டிய ஓர் அம்மா இறங்கி, விசாரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். பெயர் அருணாதேவி என்றாள். சிவகாசியில் வீடு என்றாள்.

"பொருட்காட்சியில உங்க போர்வையப் பாத்தேன்மா. அசந்துபோயிட்டேன். எங்க வீட்டுக்கு ஒண்ணு தைச்சுத் தரணும், பெரிய கட்டிலுக்கு."

செல்வலட்சுமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மா டீயைக் குடித்துக்கொண்டே மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பழைய மிஷின்லயா தைக்கிறீக? எந்தக் கையாலம்மா தைப்பீக?"

"ரெண்டு கையும் வேணும்மா. அடியில கால் ஓடணும், மேல கை ஓடணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் தையல் ஒரே அளவா விழும்."

"கொஞ்சம் தைச்சுக் காட்டுறீகளா? படம் எடுத்து எங்க தங்கச்சிகிட்ட காட்டணும்."

நான்கு வருஷத்தில் அவள் தைப்பதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. கையைப் பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள், இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இந்த அம்மா தையலைக் கேட்கிறாள். செல்வலட்சுமி மிஷினில் உட்கார்ந்து தைத்துக் காட்டினாள். குவிந்து கிடந்த துணி மடிப்பில் வலது கை மறைந்திருக்க, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அன்று சாயங்காலத்துக்குள் பாலம்மாளிடம் இதை நான்கு தடவை சொல்லிவிட்டாள்.

அந்தப் போர்வையைத்தான் அவள் எல்லாவற்றையும்விட நன்றாகத் தைத்தாள். பச்சை நூலில், எங்கேயும் அறுபடாமல். ஆனி மாதம் ஒரு டிரைவர் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

ஆவணியில் வாய்தா வந்தது. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் விசாரணை. தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் அதிகாரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் வக்கீல் வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். அவர் பக்கத்தில் கம்பெனி மேனேஜர் பாண்டிமுருகன். இந்தப் பக்கம் செல்வலட்சுமி, கதிரவன், பின்னால் பெஞ்சில் சங்கிலிமுத்தும் பாலம்மாளும்.

பாண்டிமுருகன் ஒரு துணிக்கடைப் பையைத் திறந்தார். வக்கீல் அதிலிருந்து எடுத்து மேஜைமேல் விரித்தார். பச்சை நூல்.

அவளுடைய போர்வை. ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இங்கே எப்படி வந்தது, யாராவது மெச்சிக் கொண்டுவந்தார்களா என்றுகூட நினைத்தாள்.

"இது நீங்க தைச்சதாம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"யாரும் உதவி செஞ்சாங்களா?"

"துணிய வெட்டிச் சேத்துக் குடுத்தது எங்க மதினி. தையல் பூராம் நாந்தான்."

அவர் தலையசைத்துவிட்டு அதிகாரி பக்கம் திரும்பினார். நான்கு புகைப்படங்களை ஒவ்வொன்றாக வைத்தார். மிஷினில் உட்கார்ந்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இந்தத் தையலைப் பாருங்கள். இவ்வளவு நீளத்தில் ஓரிடத்தில்கூடப் பிசகு இல்லை. விரல் இல்லாதவர் செய்கிற வேலையா இது? நல்ல கை உள்ளவர்களுக்கே வராது. கை விளங்கவில்லை என்று மனுதாரர் நான்கு வருடமாக நடித்து வருகிறார். ஆஸ்பத்திரியிலும் நடித்திருக்கிறார்."

நடித்து வருகிறார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் செல்வலட்சுமி கதிரவன் பக்கம் திரும்பினாள். படங்களோடு வைத்த தாளில் பெயரைப் பார்த்துவிட்டு, கதிரவன் குனிந்து அவள் காதில் சொன்னான்: "அக்கா, உங்ககிட்ட போர்வை வாங்குன அம்மா மேனேஜரோட சம்சாரம்."

அவள் பாண்டிமுருகனைப் பார்த்தாள். அவர் மேஜைமேல் கிடந்த போர்வையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அதிகாரி அரை மணி நேரம் இடைவேளை விட்டார். வெளியே வேப்ப மரத்தடியில் கதிரவன் அவசர அவசரமாகப் பேசினான்.

"அக்கா, கோவிச்சுக்காம கேளுங்க. நீங்க தைச்சேன்னு சொன்னதுதான் தப்பாப் போச்சு. பரவாயில்ல, சரிபண்ணிரலாம். போர்வைய பாலம்மாக்கா தைச்சாங்க, நீங்க படத்துக்காகச் சும்மா மிஷின்ல உக்காந்தீங்கன்னு சொல்லிருவோம். பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அதோட முடிஞ்சுரும்."

"ஆமா செல்வி" என்றாள் பாலம்மாள். "நாந்தான் தைச்சேன்னு எங்கன வேணும்னாலும் வந்து சொல்லுறேன். மாரியாத்தா மேல சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுறேன்."

 சரி என்று சொல்லிவிடேன் என்பதுபோல சங்கிலிமுத்து அவளைப் பார்த்தான்.

செல்வலட்சுமி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவுக என் கைய எடுத்தாக. நீங்க என் தையல எடுக்கப் பாக்கிறீகளா?"

"அக்கா, அப்படி இல்ல..."

"பெறகு எப்படி? ஊசி வெரலுக்குள்ள எறங்குனது எனக்கு. ராத்திரியெல்லாம் தோள்பட்டை வலின்னு அழுதது நான். இப்ப தைச்சது மதினின்னு சொல்லணுமா? மதினிக்கு மிஷின மிதிக்கத் தெரியுமா தம்பி? கேளுங்க."

பாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேஸு தோத்துருமேக்கா. நாலு வருசம் அலைஞ்சிருக்கோம்."

"தோத்தா தோக்கட்டும். கை போச்சுங்கிறதுக்கு நான் பொய் சொல்லணுமா? வெந்த கைய வச்சுக்கிட்டு ஒரு மனுசி ஒரு வேலையும் உருப்படியா செய்யக் கூடாதா? செஞ்சா நடிப்பு, செய்யலேன்னாத்தான் நெசமா? இது என்ன ஞாயம்?"

மரத்தடியில் நின்ற வேறு வழக்குக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணிக்கவில்லை.

உள்ளே போனதும் கதிரவன் வாய் திறப்பதற்கு முன்னால் அவளே எழுந்தாள்.

"ஐயா, தைச்சது நாந்தான். கை போனதும் போனதுதான். ரெண்டும் நெசம். எப்படித் தைக்கிறேன்னு மிஷினக் கொண்டாந்து இங்கனயே காட்டுறேன். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, நான் நடிக்கிறேனான்னு."

கம்பெனி வக்கீல் சிரித்தார். "இது தையல் வகுப்பு இல்லம்மா."

அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி அந்தப் போர்வையை விரலால் தடவிப் பார்த்தார். "படத்தில் வலது கை தெரியவில்லையே" என்று வக்கீலிடம் சொன்னார். பிறகு மூன்று வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்து, மிஷினைக் கொண்டுவரச் சொன்னார்.

அட்டைக் குழாய் லோடு ஏற்றும் குட்டியானை வண்டியில் சங்கிலிமுத்து மிஷினை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினான். செல்வலட்சுமி பின்னால் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாள். சூலக்கரையில் வாசலில் நின்ற பியூன், இதையெல்லாம் உள்ளே விட முடியாது என்றான். அதிகாரியே எழுந்து வந்து, வராந்தாவில் போடச் சொன்னார். நாற்காலி போட்டு அவரும் உட்கார்ந்தார். விசாரணையில் பேசுவதை எழுதுகிறவர் நோட்டோடு நின்றார். பக்கத்து அறைகளிலிருந்து குமாஸ்தாக்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் அவள் நூல் கோத்தாள். கோக்கவே நெடுநேரம் ஆனது. நூல் நுனியைப் பல்லால் கடித்து, இடது கையால் ஊசித் துளைக்குக் கொண்டுபோனாள். நழுவியது. மறுபடி எச்சில் தொட்டு முறுக்கினாள். நழுவியது. வலது கை மிஷின்மேல் சும்மா கிடந்தது. ஐந்தாவது முறைதான் நூல் நுழைந்தது.  வழியில் போன ஒரு ஜீப் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

பிறகு டியூப் வளையத்தை எடுத்தாள். இடது கையாலும் வாயாலும் இழுத்து வலது உள்ளங்கையில் மாட்டினாள். பாதம் இல்லாத கம்பியை இறக்கினாள். மூன்றடுக்குத் துணியை ஊசிக்கடியில் வைத்து, மேலே வலது முழங்கையை ஊன்றி, மிதிக்கத் தொடங்கினாள். உடம்பு முழுக்கத் தைத்தது. தோள் முன்னே போகும்போது துணி போனது, தோள் திரும்பும்போது கோடு வளைந்தது. மடங்கிய விரல்கள் துணிமேல் கல்போல நகர்ந்தன. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. பச்சைக் கோடு சுழன்று சுழன்று ஒரு சாண் தூரம் போயிருந்தது. ஒரு பிசகும் இல்லை.

அவள் நிறுத்தியபோது கம்பெனி வக்கீல் அருகே வந்தார்.

"சரிம்மா. இப்ப அந்த வலது கையால இந்தப் பேனாவ எடுங்க பாப்போம்."

அவள் எடுக்க முயலவில்லை.

"ஒரு டம்ளர் தண்ணியையாவது எடுத்துக் குடிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா சேலைக்கு ஒரு பின் குத்திக் காட்டுங்க."

செல்வலட்சுமி எழுந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"காட்ட மாட்டேன். நான் என் தையலக் காட்ட வந்தேன். கையைக் காட்ட வேண்டிய எடத்துல, பெரியாஸ்பத்திரியில, மூணு டாக்டர் முன்னாடி காட்டியாச்சு. அவுக அமுக்கிப் பாத்து, ஊசியால குத்திப் பாத்து எழுதியிருக்காக. அதுக்கு மேல பேனாவ எடு, தண்ணியக் குடின்னு சொல்லி ஆடவிடுறதுக்கு நான் வித்தை காட்ட வரல. உங்க கம்பெனிக்கு ஒம்பது வருசம் மருந்து அடைச்சவ நான்."

"ஐயா, மனுதாரர் மறுக்கிறார் என்று பதிவு செய்ய வேண்டும்" என்றார் வக்கீல்.

"போதும்" என்றார் அதிகாரி. அவளைப் பார்த்து, "பழைய வேலையை மறுபடி செய்ய முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"முடியாதுங்கய்யா. மருந்து அள்ளி அடைக்கிறதுக்கு வெரல் வேணும். வெரல் வேண்டாத வேலை எதுன்னு தேடித் தேடித்தான் இதப் படிச்சேன். யாரும் சொல்லிக் குடுக்கல. கம்பெனி குடுத்ததும் இல்ல இது."

எழுதுகிறவர் அதை எழுதிக்கொண்டார். பாண்டிமுருகன் வராந்தாவின் தூண் ஓரமாக நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. டாக்டர்கள் எழுதியது சரி, கம்பெனியின் ஆட்சேபணை தள்ளுபடி, நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று இருந்தது. கை இழந்த ஒருவர் தன் சொந்த முயற்சியால் வேறொரு வேலையைக் கற்றுக்கொண்டால், அதை எதிர்த்தரப்பு தன் பக்கத்துக்கு ஆதாயமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் ஒரு வரி இருந்தது. கதிரவன் தாயில்பட்டிக்கே மோட்டார் சைக்கிளில் வந்து, வாசலில் நின்றபடி முழுவதையும் படித்துக் காட்டினான். தெருவே கூடிவிட்டது. பாலம்மாள் அழுதாள்.

செல்வலட்சுமி கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு, "நான் நடிக்கிறேன்னு சொன்னாகளே, அதுக்கு என்ன எழுதியிருக்கு?" என்றாள்.

கதிரவன் தாளைப் புரட்டினான். "அதுக்கெல்லாம் எழுத மாட்டாங்கக்கா. ஆட்சேபணை தள்ளுபடின்னா அதுவும் சேத்துத்தான்."

"அப்ப அது அப்படியேதான் கெடக்குதா?"

"கேஸ் ஜெயிச்சாச்சுல்லக்கா. அப்புறம் என்ன?" சற்றுத் தயங்கி அவனே சொன்னான்: "அன்னைக்கு மரத்தடியில நான் சொன்னது தப்புதான்."

"தப்புதான் தம்பி" என்றாள் அவள். அவன் சமாதானத்தை எதிர்பார்த்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

போர்வையைத் திரும்பக் கேட்டாள். யார் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்களோ அவர்களிடம்தான் திருப்பிக் கொடுப்போம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அது பாண்டிமுருகன் வீட்டுக்கே போனது. அதைக் கட்டிலில் விரித்தார்களா, மூட்டை கட்டி வைத்தார்களா, தெரியாது. அருணாதேவியை அதன்பிறகு அவள் பார்க்கவில்லை.

உத்தரவு வந்து நாலைந்து நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சங்கிலிமுத்து கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அடுத்த திங்கட்கிழமை காலையில், எட்டு வயது மகள் ஓவியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் கம்பெனி ரோட்டில் நடந்தாள். விபத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. வேலைக்கு ஆட்கள் உள்ளே போகிற நேரம். அவளோடு அந்தக் காலத்தில் ஒரே அறையில் வேலை பார்த்த முத்துப்பேச்சி சாப்பாட்டு வாளியோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஏ செல்வலட்சுமி, இங்கன எங்கிட்டு வந்த?"

"ஒரு ஆளப் பாக்கணும்."

பாண்டிமுருகனின் கார் வந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான். செல்வலட்சுமி நடுவில் போய் நின்றாள். கார் நின்றது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"அதான் ஆர்டர் உங்க பக்கம் வந்துருச்சே. இன்னும் என்னம்மா?"

"நான் நடிச்சேன்னு சொன்னீக சார். அது பொய்யின்னு இவுக முன்னாடி சொல்லிட்டுப் போங்க."

"அது வக்கீல் பேசுனது. கேஸுன்னா ஆயிரம் பேசுவாங்க. அதையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு..."

"வக்கீலுக்கு என்னைத் தெரியுமா? வீட்டுக்குப் போயி போர்வை வாங்கி, படம் புடிச்சுட்டு வான்னு அனுப்புனது வக்கீலா? உங்க வீட்டம்மா எங்க வீட்டுல உக்காந்து டீ குடிச்சாக. எந்தக் கையால தைக்கிறேன்னு கேட்டாக. நானும் பல்லக் காட்டிக்கிட்டுச் சொன்னேன்."

உள்ளே போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். சங்கு ஊதியது. யாரும் நகரவில்லை. முத்துப்பேச்சி வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

பாண்டிமுருகன் ஹாரனை அடித்தார். "ஏ, உள்ள போங்க எல்லாரும்!"

"சொல்லிட்டீகன்னா நானே வழி விட்டுருவேன் சார்."

"சரி, தப்பாப் பேசிட்டாங்க. போதுமா?"

"யாரு பேசுனா?"

 அவர் முகம் சிவந்துவிட்டது. வண்டியைப் பின்னால் எடுத்து, அவளைச் சுற்றி ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனார். புழுதி கிளம்பியது.

"நீ வீட்டுக்குப் போ" என்றாள் முத்துப்பேச்சி. "நாங்க கேட்டுட்டோம்ல."

"அவரு இன்னும் சொல்லலையே."

மறுநாளும் அவள் போனாள். அதே இடம், அதே நேரம். அதே கேள்வியைக் கேட்டாள். அவர் கண்ணாடியை இறக்கவில்லை. மூன்றாம் நாள், முத்துப்பேச்சியும் இன்னும் நான்கு பெண்களும் உள்ளே போகாமல் அவள் பக்கத்தில் நின்றார்கள். சங்கு ஊதி வெகுநேரம் ஆகியும் கார் வரவில்லை. கடைசியில் வாட்ச்மேன் வந்து சொன்னான்: "சார் இன்னைக்கு லோடு லாரி போற பின்வாசல் வழியா வந்துட்டாகம்மா."

அந்தப் பட்டாசு சீசன் முடிகிற வரைக்கும் மேனேஜரின் கார் பின்வாசல் வழியாகத்தான் போய் வந்தது.